அலமாரியில் கிடக்கும் கேமராவை இரவில் வெளியே எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர்கள் எடுத்த படங்களைப் போடுகிறீர்களே, நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். தேர்த் திருவிழா, தீமிதி, பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளை, மழையில் நனைந்த செம்பருத்தி என்று எல்லாம் வருகிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் இரவு வானத்தை எடுத்த படம் ஒன்றுகூட நம்மவர் பெயரில் வந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள், ஏனென்றால் இதைப் படிக்கும் ஒரு பையனோ பெண்ணோ அன்றைக்கு இரவே கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிற அளவுக்கு விவரம் இதில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம். செம்பனை மில்லில் ஆய்வகத்தில் வேலை, எண்ணெயில் அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது. பல வருடம் ஷிப்ட் பார்த்த உடம்பு, வேலை இல்லாத நாளிலும் நள்ளிரவு வரைக்கும் தூக்கம் வராது. அப்படி வாசலில் உட்கார்ந்து பழகியதில்தான் வானம் பார்க்க ஆரம்பித்தேன்.

என் தம்பி ஒரு காலத்தில் கல்யாணப் படம் எடுக்கப் போகிறேன் என்று ஒரு கேனன் 1300டி வாங்கினான். 2016இல் வந்த மாடல், 18 மெகாபிக்சல், பெட்டியோடு வரும் 18–55 லென்ஸ். நாலு கல்யாணம், ஒரு சடங்கு, ஒரு காதுகுத்து, அதோடு சரி, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கேமரா அலமாரியில் சேலைகளுக்கு அடியில் மூன்று வருடம் கிடந்தது. இதில் நட்சத்திரம் எடுக்க வருமா என்று பட்டணத்தில் ஒரு கடையில் கேட்டதற்கு, இதெல்லாம் வேலைக்கு ஆகாது, ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய உணரிக் கேமராவும் (உணரி என்றால் உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கும் தகடு) பெரிய லென்ஸும் வேண்டும் என்று ஒரு புது மோட்டார் சைக்கிள் விலையைச் சொல்லி அனுப்பினார்கள். நானும் நம்பி ஒரு வருடத்தை வீணாக்கினேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது முக்கியமாக இதுதான்: அந்தப் பேச்சை நம்பாதீர்கள். வீட்டில் எந்தக் கேமரா இருக்கிறதோ, அதில் ஷட்டர் நேரத்தை, அதாவது வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, நாமே வைக்கிற வசதி இருந்தால் போதும், அதை வைத்தே தொடங்கலாம். அந்தப் பழைய கேமராவுக்குள் இருக்கும் உணரி கைப்பேசியில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது, வெளிச்சம் குறைந்த இடத்தில் அந்தப் பரப்பளவுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று. நம் ஊர் ஈரக்காற்றில் கேமராவை வருடக்கணக்கில் பூட்டி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். இன்றே எடுத்து லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாக ஏதாவது ஓடியிருந்தால் அதுதான். இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள், அலமாரி வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேமராவை மேனுவலில் வையுங்கள், அந்தச் சக்கரத்தில் ‘எம்’ என்று இருக்கும் இடம். லென்ஸை 18க்கு, அதாவது எவ்வளவு அகலமாகப் போகுமோ அவ்வளவுக்குத் திருப்புங்கள். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை முழுதாகத் திறங்கள், இந்த லென்ஸில் அது எஃப் 3.5. ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற அளவு, 1600இல் தொடங்கலாம், நல்ல இருட்டாக இருந்தால் 3200. ஷட்டர் 13 வினாடி. படத்தை ஜேபெக்கோடு ரா கோப்பாகவும், அதாவது கேமரா சுருக்காமல் வைக்கும் மூலக் கோப்பாகவும், சேமிக்கச் சொல்லுங்கள், பிறகு கணினியில் வெளிச்சமும் நிறமும் சரிசெய்ய ரா இருந்தால்தான் இடம் இருக்கும். பொத்தானை விரலால் அழுத்தும் அசைவே படத்தைக் கெடுக்கும் என்பதால் 2 வினாடி டைமர் போடுங்கள். லென்ஸில் ஆட்டத்தைச் சமன் செய்யும் பொத்தான் இருந்தால் டிரைபாடில், அதாவது முக்காலியில், வைத்ததும் அதை அணைத்துவிடுங்கள். டிரைபாட் இல்லையா, ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டி ஸ்டூல் மேல் போட்டு, அதில் கேமராவை வானம் பார்த்து அமுக்கி வையுங்கள். நான் முதல் மாதம் அப்படித்தான் எடுத்தேன், பிறகுதான் ஒரு பழைய டிரைபாட் கிடைத்தது.

இவ்வளவும் சரியாக வைத்தும் என் முதல் இரவில் எடுத்த அறுபது எழுபது படமும் வீணாகப் போயின. நட்சத்திரம் எல்லாம் பஞ்சு உருண்டை மாதிரி இருந்தது. காரணம் ஃபோக்கஸ். தூரத்தில் இருக்கிற பொருள்தானே என்று ஃபோக்கஸ் வளையத்தை ஒரு கோடிக்குத் திருப்பி விட்டிருந்தேன். அந்தக் கோடி நட்சத்திரத்துக்கு உரிய இடம் இல்லை, அதைத் தாண்டியும் வளையம் கொஞ்சம் போகும்படிதான் இந்த லென்ஸ்களைச் செய்திருக்கிறார்கள். தானியங்கி ஃபோக்கஸும் இருட்டில் எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதைச் சரியாகச் செய்வது எப்படி என்று நிதானமாகச் சொல்கிறேன், தொடங்குகிற எல்லாரும் தோற்பது இந்த ஒரு இடத்தில்தான். லென்ஸில் இருக்கிற சின்னப் பொத்தானை ‘எம்எஃப்’ பக்கம் தள்ளுங்கள். லென்ஸ் பார்ப்பதைப் பின்திரையில் அப்படியே காட்டும் லைவ் வியூ போடுங்கள். வானத்தில் இருப்பதிலேயே பிரகாசமான நட்சத்திரத்தையோ வியாழனையோ திரையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பூதக்கண்ணாடிப் பொத்தானை அழுத்தி 10 மடங்கு பெரிதாக்குங்கள். இப்போது திரையில் கசங்கிய மல்லிகை மொட்டு மாதிரி ஒன்று தெரியும். வளையத்தை விரல் நுனியால், தள்ளுகிறோமா இல்லையா என்று நமக்கே தெரியாத அளவுக்குத் திருப்பினால் அந்த மொட்டு சுருங்கும். சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை ஆகும், அப்போது அதற்குப் பக்கத்தில் இதுவரை தெரியாத மங்கலான புள்ளிகள் ஒன்றிரண்டு முளைக்கும். நிறுத்தாமல் இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் மறுபடி ஊதத் தொடங்கும், உடனே திரும்பி வந்துவிடுங்கள். அந்த இடத்தில் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி அசையாமல் வையுங்கள். ஜூமைத் தொட்டால் ஃபோக்கஸும் மாறிவிடும், அதனால் அதன் மேலும் ஒரு டேப். மூன்றாவது இரவில்தான் எனக்கு இது கைக்கு வந்தது. வந்த பிறகு ஒரு படத்தில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ண உட்கார்ந்து பாதியில் விட்டுவிட்டேன், அவ்வளவு.

ஏன் 13 வினாடி என்று கேட்பீர்கள். பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது, ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால் புள்ளி கோடாகிவிடும். 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை வினாடி தாங்கும் என்று தெரியும் என்பது பழைய கணக்கு. நம் கேமராவில் உணரி சின்னது, அதனால் 18ஐ 1.6ஆல் பெருக்கி 28.8 என்று எடுத்துக்கொண்டு வகுக்க வேண்டும், சுமார் 17 வினாடி வரும். ஆனால் இந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமானது, படத்தைப் பெரிதாக்கினால் கோடு தெரியும். அதிலும் நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் 4 பாகை தள்ளி, வேகமாக நகரும் நட்சத்திரங்கள் நமக்கு நேர் உச்சியில்தான் ஓடுகின்றன. அதனால் நான் 10இலிருந்து 13 வினாடிக்கு மேல் போவதில்லை. 55க்கு ஜூம் செய்தால் 4 அல்லது 5 வினாடிதான்.

இந்த 4 பாகை விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பாடம் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் செய்தது. முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி என்பார்கள். நம் ஊரில் அது தரையிலிருந்து 4 பாகை உயரத்தில், அதாவது செம்பனை மட்டைக்குப் பின்னால் மூடுபனியில் இருக்கிறது, நான் ஒருமுறைகூட கண்ணால் பார்த்ததில்லை. நட்சத்திரக் கோடுகள் வட்டம் வட்டமாகச் சுற்றும் படத்தைக் காட்டி இப்படி எடு என்பார்கள். நமக்கு அப்படி முழு வட்டம் வராது, கிழக்கே பார்த்துக் கேமராவை வைத்தால் கோடுகள் தரையிலிருந்து செங்குத்தாக, நெசவுத் தறியில் பாவு கட்டின மாதிரி எழும்பி நிற்கும். அந்த அழகு அவர்கள் ஊரில் கிடையாது. இதற்குத் தனி உபகரணம் எதுவும் தேவையில்லை, 20 வினாடிப் படமாக இடைவெளி விடாமல் நூறு நூற்றைம்பது எடுத்து, ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் அதுவே ஒன்றாகக் கோத்துத் தரும். கூடுதல் பேட்டரி ஒன்று மட்டும் பையில் இருக்கட்டும்.

அப்புறம் பனி. பகலில் வியர்த்துக் கொட்டுகிற ஊர்தானே, பனியாவது ஒன்றாவது என்று நினைத்தேன். ஒரு பிப்ரவரி இரவு, பத்தரை மணி வரைக்கும் படம் கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருந்தது, அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம். வானத்தில் மெல்லிய மேகம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சிவப்புத் தாள் கட்டிய டார்ச்சை லென்ஸ் மேல் அடித்துப் பார்த்தால், கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளி. தெளிந்த வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி தன் சூட்டை மேலே இழந்து, சுற்றி இருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது, நம் காற்றில் ஈரம் நிறைய இருப்பதால் உடனே வேர்த்துவிடுகிறது. அதைச் சட்டைத் துணியால் துடைக்கக் கூடாது, கீறல் விழும். நான் இப்போது ஒரு சின்ன யூஎஸ்பி விசிறியை லென்ஸ் பக்கம் திருப்பி மெதுவாக ஓட விடுகிறேன், காற்று நகர்ந்துகொண்டே இருந்தால் பனி பிடிக்க நேரமாகிறது. கையில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளும் பொட்டலத்தை லென்ஸைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது இன்னும் நல்லது. ஏர்கான் அறையில் இருந்த கேமராவை நேராக வெளியே எடுக்காதீர்கள், பையோடு அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

எந்த நாளில் போவது என்பதற்குப் பெரிய செயலி எதுவும் வேண்டியதில்லை, நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற தமிழ் நாள்காட்டியே போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாள், அதுதான் நட்சத்திரத்துக்கான நாள். நிலா இருக்கும் இரவில் நிலாவையே எடுங்கள்: எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ஒரு வினாடியில் 125இல் ஒரு பங்கு, அதிலிருந்து தொடங்கிக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். 2025 செப்டம்பர் 8 அதிகாலை முழுச் சந்திர கிரகணம் நம் வானத்தில் 1.30 மணியிலிருந்து 2.52 வரை செம்பு நிறத்தில் நின்றதே, எத்தனை பேர் எழுந்து பார்த்தோம்? எங்கள் பக்கம் மேகம், நடுவில் இருபது நிமிடம் மட்டும் விலகியது. அந்த இருபது நிமிடத்தில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600, 1 வினாடி என்று எடுத்த படம் இன்றும் என் கைப்பேசி முகப்பில் இருக்கிறது.

பண்டிகைகளும் வழிகாட்டிதான் என்பது எனக்கு இந்தப் பழக்கத்துக்குப் பிறகுதான் உறைத்தது. தைப்பூசம் என்றால் முழு நிலா பூசத்தின் பக்கத்தில் நிற்கும் காலம், கார்த்திகைத் தீபத்தில் நிலா கார்த்திகையின் பக்கத்தில், மார்கழியில் திருவாதிரையின் பக்கத்தில். ஆனால் அந்த நாளில் நிலா வெளிச்சத்தில் நட்சத்திரம் அமுங்கிப்போகும், இரண்டு வாரம் கழித்து அமாவாசைப் பக்கம் அதே இடத்தைத் தேடிப் போங்கள். சோதிடத்தில் பெயர் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை வானத்தில் காட்டலாம். பிப்ரவரி தொடக்கத்தில் இரவு ஒன்பதரைக்கு மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கிற கூட்டம் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே வந்துவிடும். கண்ணுக்குப் பெரும்பாலானவை வெள்ளையாகத்தான் தெரியும், ஏனென்றால் மங்கலான வெளிச்சத்தில் நம் கண் நிறத்தைச் சரியாகப் பார்க்காது. கேமரா 13 வினாடி வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கிறது, அதில் திருவாதிரை ஆரஞ்சாக வரும், அதே கூட்டத்தின் எதிர் மூலையில் இருக்கும் ரைஜல் நீலம் கலந்த வெள்ளையாக வரும், ரோகிணி காவி. நடுவில் மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்கிறதே, அதற்குக் கீழே வாள் மாதிரித் தொங்கும் இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு புகை மூட்டம் தெரியும், அது நட்சத்திரங்கள் பிறக்கிற வாயு மண்டலம். முதலில் அதை லென்ஸ் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், மறுபடி எடுத்தேன், அங்கேயே இருந்தது.

தெற்கே அகத்தியர் நட்சத்திரம் என்று நம் முன்னோர் சொன்ன கனோபஸ் நன்றாக உயரத்தில் நிற்கும், லண்டனில் இருப்பவர் அதைத் தன் ஊரில் நின்று பார்க்கவே முடியாது. பால்வீதியின் நடுப்பகுதி வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்டு. கேட்டையும் மூலமும் இருக்கிற விருச்சிகத்தின் வாலுக்குப் பக்கத்தில்தான் அந்த அடர்ந்த பகுதி. ஆகஸ்டுக்குப் பிறகு சில வருடம் கடல் தாண்டிப் புகைமூட்டம் வந்துவிடும், அக்டோபர், நவம்பர் மழை, அதனால் ஜூலை அமாவாசையை விட்டுவிடாதீர்கள். எது எங்கே இருக்கிறது என்று குழப்பமாக இருந்தால் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் இருக்கிறது, கணினியில் இலவசம், ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் அன்றைய வானத்தை அப்படியே காட்டும்.

என் அம்மா விஷயம் ஒன்று சொல்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், வயது 76. ஒரு மே மாதக் கடைசியில் நான் வடக்கே பார்த்துக் கேமராவை வைத்திருந்தேன். அந்த மாதத்தில் சப்தரிஷி மண்டலம் கவிழ்த்துப் போட்ட அகப்பை மாதிரி வடக்கு வானத்தில் தொங்கும். அகப்பைக் காம்பின் நடு நட்சத்திரம் வசிட்டர், அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. அம்மா நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்ன எடுக்கிறாய் என்றார். அருந்ததி என்றேன்.

“எங்க கல்யாணத்துல பூசாரி கைய நீட்டி அருந்ததி பாரும்மான்னாரு. காலையில பத்து மணி, வெயிலு கண்ண கூசுது. பாத்தியான்னாரு, பாத்தேன்னு தலையாட்டிட்டேன். எங்கய்யா தெரிஞ்சிச்சு?”

55க்கு ஜூம் செய்து, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 3200, 4 வினாடி. படம் வந்ததும் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகும் வானத்தில் அந்த இரண்டும் தனித்தனியாகத் தெரிவதில்லை. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையைத் தொடாமல் விரலை அதன் மேலே வைத்து, இந்தச் சின்னதா, இதுவா என்று இரண்டு தரம் கேட்டார். கல்யாணமாகி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அப்பா இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு பனி இறங்குகிறது உள்ளே வா என்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு அதே வாசலில் திரும்பி நின்றால் தெற்கே தென்சிலுவை நேராக நின்றுகொண்டிருந்தது. சங்கப் பாடல்களில் வடமீன் என்று வருகிற அருந்ததியையும் தென்சிலுவையையும் ஒரே வாசலில் நின்று எடுக்கிற ஊரில் இருக்கிறோம்.

படத்தைக் கணினியில் ஏற்றிய பிறகு செய்கிற வேலையை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் நான் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரே இடத்தைப் பதினாறு படம் எடுத்து சீக்வேட்டர் அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், மணல் தூவின மாதிரி இருக்கிற புள்ளி இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். பழைய கேமராவுக்கு இதுதான் பெரிய பலம், புதுக் கேமரா வாங்குகிற காசு இதில் மிச்சமாகும். ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம், கழுவி வந்த பிறகுதான் கெட்டதா நல்லதா என்று தெரியும். இப்போது தவறினால் அழித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம், ஒரு காசு செலவில்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வேறு ஊரில் வேறு யாரோ எடுத்த பால்வீதியை நம் ஊர்க் கோயில் கோபுரத்துக்கு மேல் ஒட்டி என் படம் என்று போடுவது. எனக்கு அதில் சமாதானமே கிடையாது. மங்கலாக இருந்தாலும் நம் வானம் நம் வானமாக இருக்கட்டும்.

பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் இதைத்தான் முதலில் கேட்பார்கள், கேட்க வேண்டும். முதல் இரண்டு மாதம் வாசலை விட்டு எங்கும் போக வேண்டாம், வீட்டு விளக்கை அணைத்தாலே போதும். அதற்குப் பிறகு போனாலும் தனியாகப் போகக் கூடாது. தோட்டத்து நிலம் நிர்வாகத்துடையது, ஆபீஸில் கேட்டுக்கொண்டு, காவலாளி ஜாகாவிடம் இன்ன இடத்தில் இத்தனை மணி வரை இருப்போம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், கேட்டால் யாரும் மறுப்பதில்லை, கேட்காமல் போனால் குலை திருட வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். ரப்பர் பூட்ஸ் கட்டாயம். வெட்டிப் போட்ட மட்டை அடுக்குக்குள் கால் வைக்காதீர்கள், முள்ளும் இருக்கும், பாம்பும் இருக்கும். எலி பிடிக்க மரக்கூண்டு வைத்து வளர்க்கிற வெள்ளை ஆந்தை திடீரென்று தலைக்கு மேல் கீச்சிட்டுப் போகும், பயப்பட வேண்டாம், அது அதன் வேலைக்குப் போகிறது. டார்ச் கண்ணாடியில் சிவப்புத் தாள் கட்டிக்கொள்ளுங்கள், கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து.

கோலாலம்பூரில் இருக்கிற என் அக்கா மகன் நல்ல கேமரா வைத்திருக்கிறான், அவன் மாடியில் நின்று எடுத்தால் பத்து நட்சத்திரம் தெரிவதே பெரிது. அவன் இரண்டு மணி நேரம் காடி ஓட்டி எங்கள் வீட்டுக்கு வருகிறான், எதற்கு, இந்த இருட்டுக்கு. நமக்கு இது கேட்காமலே கிடைத்திருக்கிறது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டும் இருக்கிறது. எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, பக்கம் மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டுப் பளிச்சென்று வெள்ளை எல்இடி போட்டிருக்கிறார்கள். வெளிச்சம் வேண்டும், நான் மறுக்கவில்லை, பெண்பிள்ளைகள் இரவு ஷிப்ட் முடிந்து நடந்து வருகிற வழி அது. ஆனால் விளக்கு கீழே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிறது, பாதி வெளிச்சம் மரத்துக்கும் வானத்துக்கும் போகிறது. நீலம் கலந்த வெள்ளை காற்றில் அதிகம் சிதறும், அதனால்தான் மஞ்சள் விளக்கு இருந்தபோது தெரிந்ததெல்லாம் இப்போது தெரியவில்லை. மேலே ஒரு மூடி, கொஞ்சம் கீழே சாய்த்து வைப்பது, கொஞ்சம் மஞ்சள் கலந்த பல்பு, இவ்வளவுதான் தேவை. 18 மாதத்துக்கு முன் எங்கள் வாசலில் எடுத்த படத்தையும் இப்போது அதே அளவுகளில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பொறுப்பில் இருப்பவர்களிடம் காட்டலாம் என்று இருக்கிறேன். வாயால் சொல்வதைவிட இரண்டு படம் நன்றாகப் பேசும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, அமாவாசைக்குப் பிந்திய ஞாயிறாக இருந்தால் வசதி, வாசகர் படப் பக்கத்தில் கால் பக்கத்தை இரவு வானத்துக்கு ஒதுக்குங்கள். படத்தின் கீழே பெயரோடு ஊரையும், எந்தக் கேமரா, எத்தனை வினாடி, ஐஎஸ்ஓ எவ்வளவு என்பதையும் போடுங்கள், அதைப் பார்த்துத்தான் அடுத்த ஊரில் இருப்பவர் கற்றுக்கொள்வார். ஒட்டுப் படம் வராமல் இருக்க அசல் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் விளையாட்டுப் போட்டிக்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டும் வெளியே வருகிற கேமரா ஒன்று இருக்கும். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள் உச்சத்துக்கு வரும், பள்ளி விடுமுறையாக இருந்தால் இன்னும் வசதி, திடலில் பாய் விரித்துப் பெற்றோரோடு பிள்ளைகளைப் படுக்க வைத்து, கேமராவைத் தொடர்ந்து ஓடவிட்டால் ஒன்றிரண்டாவது மாட்டும். எங்கள் ஊர்ப் பள்ளியில் கேட்டால் நான் டிரைபாடோடு வருகிறேன், அரிசிப் பையும் கொண்டு வருகிறேன்.

இத்துடன் ஒரு படம் இணைத்திருக்கிறேன். வசிட்டரும் அருந்ததியும், ஊத்தான் மெலிந்தாங், கேனன் 1300டி, 55 மி.மீ., எஃப் 5.6, 4 வினாடி, ஐஎஸ்ஓ 3200. இடது ஓரத்தில் மங்கலாகத் தெரிவது எங்கள் வீட்டு மாமரக் கிளை, அதை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
செம்பனை மில் வாசகர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்